எந்த பவுண்டியில் சேரலாம்? கிரிப்டோவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கிரிப்டோ பவுண்டி என்பது, ஒரு புதிய கிரிப்டோ திட்டத்தைப் பற்றி எழுதியும் பகிர்ந்தும் அதற்குக் கூலி வாங்கும் வேலை. அதில் புதிதாகச் சேர வருபவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு கிடைக்கும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை மூன்று: எதில் தருவார்கள், எப்போது தருவார்கள், தராமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது? பவுண்டி வேலை என்பது கடனுக்கு உழைப்பது. இன்றைக்கு உழைப்பைக் கொடுக்கிறீர்கள். கூலி சில மாதங்கள் கழித்து வரும், பெரும்பாலும் அந்தத் திட்டமே உருவாக்கிய டோக்கனில், அதாவது டிஜிட்டல் நாணயத்தில், வரும். கடன் கொடுப்பவர் எப்படித் தீர விசாரிப்பாரோ, அப்படித்தான் ஒரு கேம்பைனையும் (ஒரு திட்டம் நடத்தும் பவுண்டிச் சுற்று) விசாரிக்க வேண்டும்.

நான் சேர்ந்த முதல் கேம்பைன் பத்து வாரம் ஓடியது. தினமும் ட்வீட், ரீட்வீட். ஞாயிற்றுக்கிழமை இரவானால் அந்த வாரத்து இணைப்புகளை எல்லாம் தேதி வாரியாகத் தொகுத்து அறிக்கை போடுவேன். எல்லோருடைய கணக்கும் இருக்கும் ஷீட்டில் என் பெயருக்கு நேராக ஸ்டேக், அதாவது வேலைக்கான பங்கு, ஏறுவதைப் பார்க்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். எல்லாம் முடிந்து நான்கு மாதம் கழித்து டோக்கன் வந்தது. எந்த எக்ஸ்சேஞ்சிலும் (நாணயங்களை வாங்கி விற்கும் தளம்) அது லிஸ்ட் ஆகவில்லை, அதாவது விற்பனைக்கு வரவில்லை. இன்றைக்கும் என் வாலட்டில் (டோக்கன்களை வைக்கும் டிஜிட்டல் பை) அப்படியே கிடக்கிறது. நடத்தியவர்களை மோசடிக்காரர்கள் என்று என்னால் சொல்ல முடியாது; ஒரு திட்டம் படுத்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் சேருவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்திருந்தால், அது தேறாது என்று எனக்கே தெரிந்திருக்கும். அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பவுண்டி எப்படி நடக்கிறது

புதிய திட்டம் ஒன்றுக்கு நாலு பேர் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். விளம்பரத்துக்குக் கொடுக்கக் கையில் பணம் குறைவு. டோக்கன் மட்டும் நிறைய இருக்கிறது. அதில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, தங்களைப் பற்றி எழுதுபவர்களுக்கும் பகிர்பவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்கும் பிரித்துத் தருகிறார்கள். புதிய டோக்கனை விற்று நிதி திரட்டும் ஐசிஓக்கள் 2017, 2018இல் அலையாக வந்தபோதுதான் இந்த வழக்கம் பெரிதாகப் பரவியது. 2018 தொடக்கத்தில் பேஸ்புக், கூகுள், ட்விட்டர் மூன்றும் ஐசிஓ விளம்பரங்களுக்குத் தடை போடுவதாக அடுத்தடுத்து அறிவித்தன. விளம்பரம் போட வழியில்லாதபோது, ஆட்களை வைத்துப் பேச வைப்பது திட்டங்களுக்கு இன்னும் தேவையாகிப் போனது.

நடைமுறை எளிது. கேம்பைனை ஒரு மேனேஜர் நடத்துவார். ட்விட்டர் (இப்போது எக்ஸ்), டெலிகிராம், கட்டுரை, வீடியோ, மொழிபெயர்ப்பு, சிக்னேச்சர் (மன்றப் பதிவுகளின் அடியில் விளம்பர வரி வைப்பது) என்று பிரிவுகள் இருக்கும். ஒவ்வொரு பிரிவுக்கும் மொத்தத் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஒதுக்கியிருப்பார்கள். நீங்கள் செய்யும் வேலைக்கு வாராவாரம் ஸ்டேக் தருவார்கள். ஸ்டேக் என்பது பணம் கிடையாது, ஒரு பங்கு. கடைசியில் அந்தப் பிரிவின் டோக்கன்களை மொத்த ஸ்டேக்கால் வகுத்து, உங்களிடம் இருக்கும் ஸ்டேக்கால் பெருக்கினால் வருவதுதான் உங்கள் கூலி.

இதே பெயரில் இன்னொன்றும் உண்டு, பக் பவுண்டி. மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குத் தரும் பரிசு அது. 2022இல் வோர்ம்ஹோல் என்ற பிரிட்ஜில் (ஒரு பிளாக்செயினிலிருந்து இன்னொன்றுக்கு டோக்கனை மாற்றும் சேவை) ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்கு 1 கோடி டாலர் கொடுத்தார்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் போவது நல்லது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது இல்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள்

"2 லட்சம் டாலர் பவுண்டி" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் உடனே படிவத்தை நிரப்பாதீர்கள். ஒரு தாளை எடுத்து, அந்த 2 லட்சம் எங்கிருந்து வந்தது என்று எழுதிப் பாருங்கள்.

மொத்த டோக்கன் 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். பவுண்டிக்கு 1 சதவீதம், அதாவது 1 கோடி டோக்கன். ஒரு டோக்கனின் விலை 0.02 டாலர் என்று அவர்களே ஒரு விலையை வைத்திருக்கிறார்கள். 1 கோடியை 0.02ஆல் பெருக்கினால் 2 லட்சம் டாலர். அந்த விலைக்கு இதுவரை வெளியில் யாராவது வாங்கியிருக்கிறார்களா? இல்லையென்றால் 2 லட்சம் என்பது வெறும் ஆசை விலை. இன்னொன்றையும் பாருங்கள்: அதே விலையில் மொத்த 100 கோடி டோக்கனின் மதிப்பு 2 கோடி டாலர். ஒரு இணையதளமும் ஒரு வைட்பேப்பரும் (திட்ட விளக்க ஆவணம்) மட்டும் இருக்கிற ஒரு திட்டத்துக்கு 2 கோடி டாலர் மதிப்பு நியாயமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அந்த விலையை அப்படியே நம்புவோம். ட்விட்டர் பிரிவுக்கு 20 சதவீதம் என்றால் 20 லட்சம் டோக்கன். 1,500 பேர் சேருகிறார்கள், வாரம் ஆளுக்குச் சராசரியாக 5 ஸ்டேக், மொத்தம் 10 வாரம். ஆக 75,000 ஸ்டேக். ஒரு ஸ்டேக்குக்கு 26 டோக்கனும் கொஞ்சமும் வரும். உங்களிடம் 50 ஸ்டேக் இருந்தால் ஏறத்தாழ 1,333 டோக்கன். அவர்கள் சொன்ன விலையிலேயே அது 27 டாலரைத் தொடாது. லிஸ்ட் ஆனதும் விலை பத்தில் ஒரு பங்காக இறங்கினால், இது அடிக்கடி நடப்பதுதான், கையில் நிற்பது 2.67 டாலர். வாரம் 3 மணி நேரம் செலவழித்திருந்தால் 30 மணி நேர உழைப்பு அது. மணிக்கு 9 சென்ட்கூட முழுதாக வராது. டோக்கனை எடுக்கவோ விற்கவோ கட்ட வேண்டிய கேஸ் கட்டணத்தை, அதாவது பிளாக்செயின் பரிமாற்றக் கட்டணத்தை, நான் இன்னும் கழிக்கவே இல்லை.

இப்போது அதே கேம்பைனின் மொழிபெயர்ப்புப் பிரிவைப் பாருங்கள். அதற்கு 10 சதவீதம், அதாவது 10 லட்சம் டோக்கன். மொழிக்கு ஒருவர் என்று 20 பேர்தான் இருக்கிறார்கள். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 50,000 டோக்கன். சொன்ன விலையில் 1,000 டாலர், விலை பத்தில் ஒரு பங்கானாலும் 100 டாலர். வைட்பேப்பரை மொழிபெயர்க்க 25 மணி நேரம் ஆனால் மணிக்கு 4 டாலர். திட்டமும் அதேதான், விலையும் அதேதான். பிரிவு மட்டும்தான் வேறு. பரிசுத் தொகையின் மொத்த அளவைவிட, உங்கள் பிரிவில் எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

அதனால் "200 பேருக்கு மட்டும்" என்று வரம்பு வைத்திருக்கும் கேம்பைன்களுக்கு நான் முதலிடம் கொடுப்பேன். வரம்பே இல்லாதவற்றில் ஷீட்டைத் திறந்து எத்தனை வரி ஓடுகிறது என்று பாருங்கள். இரண்டாவது வாரத்திலேயே ட்விட்டர் பக்கத்தில் 900 வரி தாண்டிவிட்டால், மேலே போட்ட கணக்கை அந்த எண்ணை வைத்து மறுபடி போடுங்கள். எனக்கு மணிக்கு ஒரு டாலராவது வராது என்று தெரிந்தால் விட்டுவிடுவேன். உங்கள் வரம்பு வேறாக இருக்கலாம், ஆனால் ஏதாவது ஒரு வரம்பை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

கூலி எதில் வருகிறது

பிட்காயின், ஈதர், யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் நாணயம்) போன்று ஏற்கெனவே சந்தை உள்ள நாணயத்தில் வாராவாரம் கொடுக்கும் கேம்பைன் கிடைத்தால், தொகை சிறியதாக இருந்தாலும் அதையே எடுங்கள். அவற்றில் இடம் கிடைப்பது கடினம். பழைய கணக்கும் நல்ல பதிவுகளும் கேட்பார்கள். புதியவர்களுக்கு உடனே கிடைக்காது என்றாலும், அங்கே போய்ச் சேர வேண்டும் என்ற நினைப்போடு இப்போதே உங்கள் கணக்கை ஒழுங்காக வளர்த்து வாருங்கள்.

அடுத்த இடம், ஏற்கெனவே லிஸ்ட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும் டோக்கனில் கொடுப்பவை. காயின்கெக்கோவிலோ காயின்மார்க்கெட்கேப்பிலோ விலையையும் தினசரி வர்த்தகத்தையும் பார்க்கலாம். நாளொன்றுக்கு சில நூறு டாலருக்குத்தான் வர்த்தகம் நடக்கிறது என்றால், நூற்றுக்கணக்கான பவுண்டிக்காரர்கள் ஒரே நாளில் விற்க வரும்போது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசி இடம், இன்னும் பிறக்காத டோக்கன். பெரும்பாலான கேம்பைன்கள் இந்த வகைதான். இதில் சேரவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிடைக்கப்போவது பூஜ்யமாகவும் இருக்கலாம் என்று மனதைத் தயார் செய்துகொண்டு, ஒரே நேரத்தில் ஒன்றோ இரண்டோ எடுத்தால் போதும்.

எஸ்க்ரோவைப் பற்றி ஒரு வார்த்தை. பரிசுத் தொகையை மூன்றாவது ஒருவரிடம் முன்கூட்டியே ஒப்படைப்பதுதான் எஸ்க்ரோ. யுஎஸ்டிடியிலோ பிட்காயினிலோ எஸ்க்ரோ வைத்து, அதன் முகவரியையும் காட்டியிருந்தால், அந்த முகவரியை பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (பிளாக்செயின் பதிவுகளை யாரும் பார்க்கக்கூடிய தளம்) போட்டு இருப்பைப் பார்த்துவிட்டு நம்பலாம். திட்டத்தின் சொந்த டோக்கனை எஸ்க்ரோவில் வைத்திருக்கிறோம் என்று சொன்னால், டோக்கன் வந்து சேரும் என்பதற்குத்தான் அது உத்தரவாதம். அதற்கு ஒரு விலை இருக்கும் என்பதற்கு இல்லை.

திட்டத்தைத் துருவிப் பார்ப்பது

முதலில் ஆட்கள். குழுவினர் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு படத்தையும் கூகுள் லென்ஸ் போன்ற படத் தேடலில் போடுங்கள். 2018இல் மிரோஸ்கி என்ற ஐசிஓ, தன் குழுவில் இருக்கும் வரைகலைஞர் என்று போட்டிருந்த படம் ஹாலிவுட் நடிகர் ரயன் காஸ்லிங்குடையது. உலகமே அறிந்த முகத்தைக்கூட அப்படிப் போடத் துணிந்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியாத ஒருவரின் படத்தைத் திருடிப் போடுவது இன்னும் சுலபம். லிங்க்ட்இன் கணக்கு இருந்தால் மட்டும் போதாது. அது எப்போது தொடங்கியது, முன்பு வேலை பார்த்த இடங்களில் இருந்தவர்கள் யாராவது தொடர்பில் இருக்கிறார்களா என்று பாருங்கள். பெயர் வெளியிடாத குழுக்கள் கிரிப்டோவில் சகஜம், பிட்காயினே அப்படித்தான் தொடங்கியது. ஆனால் அப்படிப்பட்ட குழு, ஆள் முகத்துக்குப் பதிலாக ஓடுகிற மென்பொருளைக் காட்ட வேண்டும்.

அடுத்து அந்த மென்பொருள். கிட்ஹப் (நிரல்களை வைக்கும் தளம்) இணைப்பு கொடுத்திருந்தால் திறந்து பாருங்கள். நிரல் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. கடைசியாக எப்போது மாற்றம் நடந்தது, எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள், வேறு ஒருவருடைய நிரலின் நகலா என்பது எல்லாம் முதல் பக்கத்திலேயே தெரியும். டெஸ்ட்நெட் (சோதனைக்கான பதிப்பு) இருக்கிறது என்றால் நீங்களே பத்து நிமிடம் பயன்படுத்திப் பாருங்கள். வைட்பேப்பரில் நடுவிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடிப் பாருங்கள். காப்பி அடித்ததாக இருந்தால் அநேகமாக அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

டோக்கன் ஏற்கெனவே உருவாக்கப்பட்டிருந்தால் அதன் கான்ட்ராக்ட் (டோக்கனை இயக்கும் நிரல்) முகவரியை, எத்தீரியத்துக்கான எக்ஸ்ப்ளோரரான ஈதர்ஸ்கேனிலோ அந்த டோக்கன் ஓடும் பிளாக்செயினின் எக்ஸ்ப்ளோரரிலோ போடுங்கள். நிரல் வெளிப்படையாகச் சரிபார்க்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு டோக்கன் வைத்திருப்பவர்கள் பட்டியலுக்குப் போங்கள். எக்ஸ்சேஞ்சோ பூட்டிய கான்ட்ராக்ட்டோ அல்லாத ஒரு தனி வாலட்டில் மொத்தத்தில் பாதிக்கு மேல் இருந்தால், விலை அந்த ஒருவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். விற்பதற்கே தடை போடும் கான்ட்ராக்டுகளும் உண்டு. 2021 நவம்பரில் ஸ்குவிட் கேம் தொடரின் பெயரில் வந்த டோக்கன் 2,800 டாலரைத் தாண்டி ஏறி, சில நிமிடங்களில் ஏறக்குறைய பூஜ்யமானது. ஏறிக்கொண்டிருந்தபோதும் வாங்கியவர்களால் அதை விற்க முடியவில்லை. விலை ஏறுவதை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. சாதாரண ஆட்கள் விற்றிருக்கிறார்களா என்று பரிமாற்றப் பட்டியலில் பாருங்கள்.

டெலிகிராம் குழுவில் ஒரு அரை மணி நேரம் சும்மா படித்துக்கொண்டிருங்கள். 40,000 உறுப்பினர்கள், ஆனால் "நல்ல திட்டம்", "நிலாவுக்குப் போகும்" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை என்றால் அந்த உறுப்பினர்கள் காசு கொடுத்து வாங்கப்பட்டவர்கள். நீங்களே ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "குழுவின் டோக்கன் எத்தனை மாதம் லாக்கில் (விற்க முடியாமல் பூட்டி) இருக்கும்?" நேரான பதில் வருகிறதா, மழுப்பல் வருகிறதா, இல்லை உங்களையே குழுவிலிருந்து தூக்கிவிடுகிறார்களா என்பதில் திட்டத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். நான் இரண்டு முறை இப்படித் தூக்கப்பட்டிருக்கிறேன். இரண்டு முறையும் எனக்கு நிறைய நேரம் மிச்சமானது.

மேனேஜர் யார்

புதியவர்கள் திட்டத்தைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு மேனேஜரைப் பற்றி விசாரிப்பதில்லை. என்னைக் கேட்டால் மேனேஜர்தான் பாதி. நல்ல மேனேஜர் ஒரு கேம்பைனை எடுப்பதற்கு முன்பே திட்டத்தைச் சல்லடை போட்டுவிடுவார். ஷீட்டை வாராவாரம் சொன்ன நாளில் புதுப்பிப்பார், போலிக் கணக்குகளை நீக்குவார், திட்டம் பணம் தராமல் இழுத்தடித்தால் வெளிப்படையாக எழுதுவார்.

அவர் முன்பு நடத்திய கேம்பைன்களைத் தேடி எடுங்கள். பிட்காயின்டாக் என்ற கிரிப்டோ மன்றத்தில் அவருடைய பழைய பதிவுகளும் நம்பிக்கை மதிப்பெண்ணும் கிடைக்கும். பழைய ஷீட்டுகள் பலவற்றில் வாலட் முகவரிகள் வெளிப்படையாக இருக்கும். அதில் நடுநடுவே பத்து முகவரிகளை எடுத்து, ஒவ்வொன்றாக எக்ஸ்ப்ளோரரில் ஒட்டிப் பாருங்கள். அந்த டோக்கன் வந்திருக்கிறதா, கேம்பைன் முடிந்து எத்தனை மாதம் கழித்து வந்தது, ஷீட்டில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்பது எல்லாம் அங்கே பதிவாகி இருக்கும். யாரும் அழிக்க முடியாது. ஒருமுறை இப்படிப் பார்த்தபோது ஷீட்டில் 4,200 என்று இருந்த முகவரிக்கு 420தான் வந்திருந்தது. அடுத்த ஒன்பதிலும் அதே பத்தில் ஒரு பங்கு. பங்கீட்டை இடையில் குறைத்துவிட்டு, எங்கேயும் அறிவிக்கவில்லை. அந்த மேனேஜரின் புதிய கேம்பைனில் நான் சேரவில்லை.

மேனேஜர் பெயரில் போலிக் கணக்குகள் டெலிகிராமில் ஏராளம். பெயரும் படமும் அச்சு அசலாக இருக்கும். யூசர்நேமில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். "உங்கள் டோக்கனை விடுவிக்கச் சிறு கட்டணம் அனுப்புங்கள்" என்று தானாக வந்து பேசுபவர் மேனேஜர் இல்லை.

விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள்

முக்கியமான விஷயங்களைப் பெரும்பாலும் கடைசியில்தான் வைப்பார்கள். சாஃப்ட் கேப் எட்டினால்தான் பவுண்டி கொடுக்கப்படும் என்று ஒரு வரி இருக்கும். அதாவது திட்டம் குறைந்தபட்ச நிதியைத் திரட்டவில்லை என்றால் உங்கள் பத்து வாரமும் போச்சு. டோக்கன் ஆறு மாதமோ ஒரு வருடமோ லாக்கில் இருக்கும் என்று ஒரு வரி. விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்ற எங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி. கடைசி வரி அநேகமாக எல்லாக் கேம்பைன்களிலும் இருக்கும், அதை மட்டும் வைத்து ஒதுக்க முடியாது. மற்ற இரண்டும் சேர்ந்தே இருந்தால் நான் ஒதுங்கிவிடுவேன்.

எந்த நாட்டவர் சேரலாம் என்பதையும் பாருங்கள். பல கேம்பைன்கள் அமெரிக்காவில் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. 2018 ஆகஸ்ட்டில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் டோமஹாக் எக்ஸ்ப்ளோரேஷன் என்ற நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அந்த நிறுவனத்தின் ஐசிஓவில் பணமே திரளவில்லை; ஆனால் இணையத்தில் விளம்பர வேலை செய்தவர்களுக்கு பவுண்டியாக டோக்கன் கொடுத்திருந்தார்கள். இலவசமாகக் கொடுத்தோம் என்று சொன்னாலும், விளம்பரத்துக்குக் கைம்மாறாகக் கொடுத்தது விற்பனைக்குச் சமம் என்று ஆணையம் சொன்னது. நீங்கள் இருக்கும் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது, வரும் டோக்கனுக்கு வரி உண்டா என்பதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வாலட்டும் அடையாள ஆவணங்களும்

பவுண்டிக்கு என்று தனியாக ஒரு வாலட் வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு இருக்கும் வாலட்டை எந்தக் காரணத்துக்காகவும் ஷீட்டில் போட வேண்டாம். சீட் ஃப்ரேஸ் என்னும் அந்த 12 அல்லது 24 சொற்களை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. டோக்கன் அனுப்புவதற்கு உங்கள் முகவரி மட்டும் போதும். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் முகவரியையும் கொடுக்காதீர்கள். அந்த எக்ஸ்சேஞ்சில் இல்லாத டோக்கனை அங்கே அனுப்பினால் திரும்ப எடுப்பது பெரும்பாடு.

டோக்கனை எடுக்க ஒரு தளத்துக்குப் போய் வாலட்டை இணைக்கச் சொன்னால், கையெழுத்து போடும் முன் திரையில் என்ன கேட்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். உங்களிடம் இருக்கும் வேறு டோக்கன்களைச் செலவழிக்க அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாலட்டைக் காலி செய்யும் மோசடிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு அனுமதியில்தான் நடக்கின்றன. கேட்காமலேயே வாலட்டில் வந்து விழும் அறிமுகமில்லாத டோக்கன்களைத் தொட வேண்டாம்.

கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) என்று பாஸ்போர்ட்டும் செல்ஃபியும் கேட்பவர்கள் உண்டு. ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டு, பெயர் தெரிந்த நிறுவனம் மூலம் செய்தால் யோசிக்கலாம். கேம்பைன் முடிந்த பிறகு திடீரென்று கேட்டால், அதுவும் ஒரு கூகுள் படிவத்தில் பாஸ்போர்ட் படத்தை ஏற்றச் சொன்னால், டோக்கனை மறந்துவிடுங்கள். பத்து டாலர் டோக்கனுக்காக உங்கள் அடையாளத்தையே முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்க வேண்டுமா?

உங்கள் பெயரில் போகிற வார்த்தை

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை; எனக்கு இதுதான் மனதை உறுத்தும் விஷயம். பவுண்டி வேலையின் சாரமே உங்களை நம்புகிறவர்களிடம் இன்னொருவரின் டோக்கனைப் பற்றிப் பேசுவதுதான். என் பதிவைப் பார்த்து, என்னோடு படித்த ஒருவர் ஒரு டோக்கனை வாங்கினார். பெரிய தொகை இல்லை, ஆனால் அவருக்கு அது சிறிய தொகையும் இல்லை. எனக்கு அதில் கிடைத்தது 11 டாலர். அவர் என்னிடம் கோபப்படவில்லை. இனிமேல் எதையும் என்னிடம் கேட்பதில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கங்களை வைத்திருக்கிறேன். ஒன்று, என் அண்ணனோ அக்காவோ இதில் பணம் போடலாமா என்று கேட்டால் "போடாதே" என்று சொல்லக்கூடிய திட்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. இரண்டு, எழுதும் ஒவ்வொரு பதிவிலும் இது பவுண்டிக்காக எழுதியது என்று சொல்லிவிடுகிறேன். பல நாடுகளில் அது சட்டமும்கூட. எத்தீரியம்மேக்ஸ் டோக்கனைப் பற்றிய ஒரு பதிவுக்கு 2,50,000 டாலர் வாங்கியதைச் சொல்லாமல் விட்டதற்காக, 2022இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாஷியன் 12.6 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொள்ள வேண்டி வந்தது. வெளிப்படையாகச் சொல்லக் கூடாது என்று தடுக்கும் கேம்பைன் இருந்தால் அது ஒன்றே போதும், விலகிவிடலாம்.

ஒரே ஆள் பத்துக் கணக்கு வைத்துக்கொண்டு சேருவதை நினைத்தும் பார்க்காதீர்கள். பத்து வாலட்டிலிருந்தும் டோக்கன் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேரும். அது பிளாக்செயினில் எல்லோருக்கும் தெரியும். பெயர் ஒருமுறை கறுப்புப் பட்டியலில் ஏறினால் நல்ல மேனேஜர்கள் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

சேர்ந்த பிறகும், டோக்கன் வந்த பிறகும்

முதல் இரண்டு வாரம் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள், ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். அறிக்கை போட வேண்டிய நாளும் வடிவமும் விதிகளில் இருக்கும். வார எண், தேதிகள், இணைப்புகள் என்று அவர்கள் கேட்ட வரிசையிலேயே போடுங்கள். ஒரு நாள் தாமதமானாலும் அந்த வாரத்து ஸ்டேக் கிடைக்காத கேம்பைன்கள் உண்டு. மூன்றாவது வாரம் ஷீட்டைத் திறந்து உங்கள் வரியைச் சரிபாருங்கள். இன்னும் புதுப்பிக்கவே இல்லை, மேனேஜரும் பதில் சொல்லவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். மூன்று வாரம் போனது போனதுதான்; அதற்காக இன்னும் ஏழு வாரத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

டோக்கன் கைக்கு வந்ததும் எக்ஸ்சேஞ்ச் விலையை உங்கள் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பரவலாக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சில் (இடையில் நிறுவனம் இல்லாமல் நிரலே நடத்தும் சந்தை) முக்கியமானது லிக்விடிட்டி, அதாவது விற்க வருபவருக்கு மாற்றிக் கொடுக்க அங்கே இருக்கும் பணம். அந்தப் பணமும் டோக்கனும் சேர்ந்து இருக்கும் குளத்தில் ஒரு பக்கம் 4,000 டாலரும் இன்னொரு பக்கம் அதே மதிப்புக்கு டோக்கனும் இருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் 1,000 டாலர் மதிப்புள்ள டோக்கனை விற்றால் கையில் வருவது 800 டாலர். விலையும் 36 சதவீதம் இறங்கியிருக்கும். உங்களுக்குப் பின்னால் விற்பவருக்கு இன்னும் குறைவு. பவுண்டிக்காரர்கள் எல்லோரும் ஒரே நாளில் விற்பார்கள் என்பதால், என் உழைப்புக்கான கூலி அளவுக்காவது வந்த அன்றே விற்றுவிடுவது என் வழக்கம். மிச்சத்தை வைத்திருப்பதா வேண்டாமா என்பது அந்தத் திட்டத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கையைப் பொறுத்தது. வந்த தேதி, எண்ணிக்கை, அன்றைய விலை, விற்ற விலை நான்கையும் எழுதி வையுங்கள். வரி கட்டும்போது தேவைப்படும்.

நான் ஒரு நோட்டில் கேம்பைன் பெயர், பிரிவு, செலவழித்த மணி நேரம், கடைசியில் கைக்கு வந்த பணம் என்று வரிசையாக எழுதி வருகிறேன். ட்விட்டர் வரிகளில் பெரும்பாலும் கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. மொழிபெயர்ப்பு வரிகளிலும், வாராவாரம் யுஎஸ்டிடியில் கொடுத்த இரண்டு கட்டுரைக் கேம்பைன்களிலும்தான் எண்கள் இருக்கின்றன. இப்போது புதிதாக ஒன்றைப் பார்த்தால் முதலில் அந்த இரண்டு பிரிவுகளையும் திறந்து, என் மொழிக்கு இடம் காலியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.